பொன் துகள் சொல்லும் சாட்சி

கார்த்திகைத் தீபத் திருநாளுக்குத் திருவண்ணாமலை வந்து திரும்புகிறவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் எழுப்புவார்கள்: எந்தப் பக்கம் கூட்டம் அதிகம்? மாட வீதிகள், பேருந்து நிலையச் சாலை, 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதை என்று ஆளுக்கொரு விடை கிடைக்கும். கிரிவலப் பாதையில்தான் மிகுதியான மக்கள் என்று ஒருவர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உண்மையால் நாம் அறிந்துகொண்டது என்ன? பாதை நீண்டது, ஆகவே அதில் மிகுதியான மக்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். மாறாக, குறுகிய ஒரு சந்தில் நூறு பேர் நெருக்கியடித்து நின்றால், அவர்கள் எதையோ நாடி அங்கு வந்திருக்கிறார்கள் என்று உடனே உணர்வோம். எண்ணிக்கை ஒன்று, அந்த எண்ணிக்கைக்கு இடம் கொடுத்த பரப்பு மற்றொன்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் எண் பேசத் தொடங்குகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்வூரில் மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பித்தவன் நான். இந்தச் சிறிய பாடத்தை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆயினும் அது மனிதரைப் பற்றிய பாடமும் ஆகும் என்பதை, ஓய்வு பெற்ற பின்னர் என் தமக்கை மகள் கொண்டுவந்து கொடுத்த சில கறுப்பு வெள்ளைப் படங்களே எனக்கு உணர்த்தின.

அவள் உயிரணு ஆய்வில் ஈடுபட்டிருப்பவள். விடுமுறைக்கு வந்தபோது ஓர் உறை நிறையப் படங்களை என் மேசைமேல் வைத்து, "மாமா, இவற்றில் உள்ள கறுப்புப் புள்ளிகளை எண்ணித் தாருங்கள். எந்தப் படம் எதிலிருந்து எடுத்தது என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்" என்றாள். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் ஓர் எண் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. தான் விரும்பும் விடையை எண்ணுகிறவனின் கண் அறிந்துவிடக் கூடாது என்பதற்காக அவள் செய்த ஏற்பாடு அது.

அப்படங்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் எடுக்கப்பட்டவை. 1931இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் உருவாக்கிய கருவி அது. 1986இல் ருஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலும் 1940களிலேயே கல்கத்தாவில் நீரஜ்நாத் தாஸ்குப்தா அத்தகைய கருவியொன்றைத் தம் கையாலேயே கட்டமைத்தார். ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்துவதால், உயிரணுவின் உள்ளறைகளையெல்லாம் அது தெளிவாகக் காட்டுகிறது: நடுவில் உட்கரு, ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா, கழிவுகளைச் செரிக்கும் லைசோசோம், இவற்றைச் சூழ்ந்த சைட்டோபிளாசம். ஆனால் அறைகளைக் காட்டும் அக்கருவியால், ஒரு குறிப்பிட்ட புரதம் எந்த அறையில் குடியிருக்கிறது என்று தானாகச் சொல்ல இயலாது. புரதங்களின் முகங்கள் அதற்கு வேறுபட்டுத் தெரிவதில்லை.

இங்கேதான் பொன் வந்து சேர்கிறது. மிக நுண்ணிய பொன் துகள்கள் மிதக்கும் நீர் செந்நிறமாக ஒளிர்வதை 1857இலேயே மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்து விளக்கினார். 1971இல் ஃபால்க், டெய்லர் என்னும் இருவர் அத்துகள்களை எதிர்ப்பொருளோடு இணைத்தனர். எதிர்ப்பொருள் என்பது நம் உடல் நோய்க் கிருமிகளுக்கு எதிராக உண்டாக்கும் புரதம். தனக்குரிய இலக்கை மட்டும் தேடிப் பற்றிக்கொள்வது அதன் இயல்பு. உயிரணுவை 70 நானோமீட்டர் அளவுள்ள மெல்லிய சீவலாக வெட்டி, அதன்மேல் பொன் பூண்ட எதிர்ப்பொருளைப் படரவிட்டுக் கழுவினால், இலக்கு இருக்கும் இடத்தில் பொன் தங்கும். 10 நானோமீட்டர் அளவுள்ள அத்துகள் எலெக்ட்ரான்களைத் தடுத்து நிறுத்துவதால், படத்தில் கருமிளகுபோல் ஒரு வட்டப் புள்ளியாகத் தெரியும். நம் தலைமுடியின் தடிமன் அதைப்போல் பல ஆயிரம் மடங்கு.

உறையிலிருந்த படங்களுள் ஒன்று மிக அழகானது. மைட்டோகாண்டிரியா ஒன்றின்மேல் பத்துப் பன்னிரண்டு பொன் துகள்கள் மாலைபோல் வரிசையாக அமர்ந்திருந்தன. எந்த ஆய்விதழும் அட்டையில் போட விரும்பும் படம். அவளுக்கும் அப்படத்தின்மேல் தனி அன்பு இருந்தது என்பதை அதை எடுத்து வைத்த விதத்திலேயே அறிந்தேன். தான் தேடும் புரதம் மைட்டோகாண்டிரியாவில் இருக்கிறது என்பதே அவளுடைய எதிர்பார்ப்பு. "படமே சாட்சி சொல்கிறதே, பிறகு ஏன் எண்ண வேண்டும்?" என்று கேட்டேன். "அது ஒரு சாட்சி மாமா. மற்றவற்றையும் விசாரிக்க வேண்டாமா?" என்றாள்.

விசாரிக்கும் முறை எளிமையானது. எதிர்ப்பொருள் எதையும் தேடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு மழைபோல் பெய்தது என்றே முதலில் வைத்துக்கொள்வோம். அப்போது பொன் துகள்கள் எங்கே விழும்? பெரிய முற்றத்தில் மிகுதியான மழைத்துளியும் சிறிய திண்ணையில் குறைவான துளியும் விழுவதைப்போல, அந்தந்த அறையின் பரப்புக்கு ஏற்ப விழும். அந்தப் பரப்பை அளப்பதற்கு ஒளிபுகும் தாள் ஒன்றில் சம இடைவெளியில் கூட்டல் குறிகளை வரைந்து, படத்தின்மேல் பரப்பி, எந்தெந்தக் குறி எந்தெந்த அறையில் விழுகிறது என்று எண்ணினால் போதும். இது உயிரியலார் கண்டுபிடித்த வழியன்று. பாறையைச் சீவி அதில் ஒவ்வொரு கனிமத்தின் பங்கையும் அளக்க 1847இல் பிரெஞ்சு அறிஞர் டெலெஸ் வகுத்த நெறியும், 1933இல் ரஷ்யாவில் கிளாகோலெவ் அதைப் புள்ளிகளால் எளிதாக்கிய முறையும் கற்களிடமிருந்து உயிரணுவுக்கு வந்தவை.

விளக்கத்துக்காக எளிய எண்களை நாமே அமைத்துக்கொள்வோம். 200 பொன் துகள்களை எண்ணினோம்: உட்கருவில் 70, சைட்டோபிளாசத்தில் 80, மைட்டோகாண்டிரியாவில் 20, லைசோசோமில் 30. இதை மட்டும் பார்த்தால் புரதம் சைட்டோபிளாசத்திலும் உட்கருவிலும் வாழ்கிறது என்றே யாரும் சொல்வார்கள். இனி, தாளில் உள்ள 200 கூட்டல் குறிகளை எண்ணுகிறோம்: உட்கருவில் 80, சைட்டோபிளாசத்தில் 90, மைட்டோகாண்டிரியாவில் 24, லைசோசோமில் 6. அதாவது, தற்செயலாகப் பெய்திருந்தால் லைசோசோமுக்கு 6 துகள்களே கிடைத்திருக்கும், கிடைத்ததோ 30. கிடைத்ததை எதிர்பார்த்ததால் வகுத்தால் 5. மற்ற மூன்று அறைகளிலும் இந்த விகிதம் 1க்குச் சற்றுக் குறைவே. மிகுதியான துகள்களைப் பெற்றிருந்த அறைகள், தற்செயல் கொடுக்கும் பங்கைக்கூட முழுதாகப் பெறவில்லை!

இது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாமா என்று கேட்பதற்கு, 1900இல் கார்ல் பியர்சன் வகுத்த கை-வர்க்கச் சோதனை உதவுகிறது. ஒவ்வோர் அறையிலும் கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். மேற்கண்ட கணக்கில் கூட்டுத்தொகை ஏறக்குறைய 99. நான்கு அறைகள் உள்ள இத்தகைய கணக்கில் தற்செயலாக 7.8க்கு மேல் வருவதே நூற்றில் ஐந்து முறைதான். அந்த 99இல் 96, லைசோசோம் ஒன்றிலிருந்தே வருகிறது. விகிதம் 1க்கு மேல் இருக்க வேண்டும். கூட்டுத்தொகையில் அவ்வறையின் பங்கு கணிசமாக, பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்தினால்தான் பொன் அந்த அறையை நாடிச் சென்றது என்று சொல்லலாம். 2002இல் டெரி மேஹ்யூ, ஜான் லூக்காக், காரெத் கிரிஃபித்ஸ் ஆகிய மூவர் இம்முறையை ஒழுங்குபடுத்தி வெளியிட்டனர். உயர்ந்த கணிதம் எதுவும் இதில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய கணக்கு. ஆனால் இதன் அடியில் ஓர் அறநெறி இருக்கிறது: பொருள் காண்பதற்கு முன், தற்செயலுக்கு உரிய பங்கைத் தற்செயலுக்குக் கொடுத்துவிடு.

இனி, எந்தப் படங்களை எண்ணுவது? அழகானவற்றைத் தேர்ந்துகொண்டால் கணக்கு முழுவதும் பாழ். உயிரணுவின் எந்தப் பகுதிக்கும் படத்தில் வருவதற்குச் சமமான வாய்ப்பு இருக்க வேண்டும். தொடக்கப் புள்ளியைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, பிறகு சமதூரம் நகர்ந்து நகர்ந்து படம் எடுக்க வேண்டும். இதை என் தமக்கை மகள் விளக்கியபோது நான் சிரித்துவிட்டேன். "இது நம் நெல் வயலில் நடப்பதுதான் அம்மா" என்றேன். செய்யாற்றங்கரையிலும் ஆரணிப் பக்கத்திலும் அறுவடைக் காலத்தில் அலுவலர்கள் வந்து பயிர் அறுவடைப் பரிசோதனை செய்வதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். எந்த வயல், அதில் எந்த மூலையிலிருந்து எத்தனை அடி என்பதையெல்லாம் சமவாய்ப்பு எண் அட்டவணையே தீர்மானிக்கும். 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து நிறுப்பார்கள். "இந்தப் பக்கம் நன்றாக விளைந்திருக்கிறது ஐயா, இங்கே அறுங்கள்" என்று உழவர் கைகாட்டினாலும் கயிறு இடம் மாறாது.

இம்முறைக்கு நம் நாட்டிலேயே பெருமைக்குரிய வரலாறு உண்டு. 1920களில் பீகார், ஒரிசா வயல்களில் ஹப்பக் என்னும் ஆங்கிலேய அதிகாரி, சமவாய்ப்பு முறையில் சிறு துண்டுகளை அறுத்து விளைச்சலை மதிப்பிட்டார். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த மகலனோபிஸ், 1937 முதல் வங்காளத்துச் சணல் வயல்களில் அதைப் பேரளவில் வளர்த்தெடுத்தார். ஒரே வயலில் மிகுதியாக அறுப்பதைவிடப் பல வயல்களில் சிறிது சிறிதாக அறுப்பதே உண்மையை நெருங்கும் வழி என்பது அவ்வாய்வுகள் தந்த பாடம். ஒரே உயிரணுவில் ஆயிரம் துகள்களை எண்ணுவதைவிடப் பல உயிரணுக்களில் மொத்தம் இருநூறு எண்ணுவது மேல் என்று நுண்ணோக்கியாளரும் கண்டுகொண்டனர். சணல் வயலும் உயிரணுவும் ஒரே இலக்கணத்துக்குக் கட்டுப்படுகின்றன.

பொன்னின் சாட்சியத்துக்கும் எல்லை உண்டு. எதிர்ப்பொருள் சீவலின் மேற்பரப்பில் உள்ளதை மட்டுமே பெரும்பாலும் தொடுகிறது. இலக்குகளில் ஒரு பகுதிக்கே பொன் கிட்டுகிறது. ஆகவே பொன் இல்லாத இடத்தில் புரதமும் இல்லை என்று சொல்ல இயலாது. மறுபுறம், ஒட்டும் தன்மையுள்ள இடங்களில் இலக்கு இல்லாமலே பொன் ஒட்டிக்கொள்ளும். ஒரே புரதத்தின்மேல் இரண்டு மூன்று துகள்கள் அமர்ந்து, பெருங்கூட்டம்போல் தோன்றுவதும் உண்டு. இதற்கெல்லாம் மருந்து, அந்தப் புரதத்தை அறவே உண்டாக்காத உயிரணுக்களையும் அதே முறையில் பொன் பூசி எண்ணிப் பார்ப்பதுதான். அவள் எனக்குக் கொடுத்த உறையில் அத்தகைய படங்களும் கலந்திருந்தன. எண்ணி முடித்த பின்னரே எவை எவை என்று சொன்னாள். மைட்டோகாண்டிரியாவின் விகிதம் 1ஐ ஒட்டியே நின்றது. புரதமே இல்லாத உயிரணுக்களிலும் அங்கே அதே அடர்த்தியில் பொன் இருந்தது. அழகிய அந்த மாலை, தற்செயல் கோத்த மாலை.

அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். மூன்றாண்டு உழைப்பின் எதிர்பார்ப்பு அது. பிறகு அந்தப் படத்தை எடுத்து உறையின் அடியில் வைத்தாள். "இதை வெளியிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் மாமா" என்றாள். உண்மைதான். வாசகர் காண்பது ஒரே படம். காணாத படங்களுக்காக அவர் ஆய்வாளரின் மனச்சான்றையே நம்பி இருக்கிறார்.

இப்படி எண்ணுவதால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் நெருங்கிய உறவினங்கள். நம் உடலின் காவல் அணுக்கள் அவற்றை விழுங்கியபின், மூடிய ஒரு பைக்குள்ளேயே அவை தங்கிவிடுகின்றன என்பதே நெடுங்காலக் கருத்து. 2007இல் ஆம்ஸ்டர்டாமில் நிக்கோல் வான் டெர் வெல், பீட்டர் பீட்டர்ஸ் முதலியோர், பையின் சுவரை அடையாளம் காட்டும் ஒரு புரதத்துக்குப் பொன் குறியிட்டு எண்ணினர். சில நாட்களில் கிருமிகளில் ஒரு பகுதி, பொன் இல்லாத வெளியில், சுவரைக் கடந்து சைட்டோபிளாசத்தில் இருப்பதைக் கண்டனர். நம் குழந்தைகளுக்குப் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியில் உள்ள கிருமியோ பையைவிட்டு வெளியேறவில்லை. பிற்காலத்தில் வேறு முறைகளும் கிருமிகள் வெளியேறுவதை உறுதி செய்தன. 1968இல் நம் செங்கல்பட்டுப் பகுதியில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளின் கடுமையான காசநோய்க்கு எதிராக அது இன்றும் காவலாக நிற்கிறது. மேலும் நல்ல தடுப்பூசியைத் தேடுவோர்க்கு, கிருமி எந்த அறையில் இருக்கிறது என்பது வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

தொழுநோய் என்ற சொல் திருவண்ணாமலையில் வாழ்வோர்க்குப் புதிதன்று. சேத்துப்பட்டில் உள்ள புனித தோமையார் மருத்துவமனை நெடுங்காலமாக அந்நோயாளருக்குப் பணிபுரிந்திருக்கிறது. கிரிவலப் பாதையோரத்தில், விரல் மழுங்கியவர்கள் துண்டு விரித்து அமர்ந்திருப்பதைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். வெளியூரார் அதைக் கண்டு, நோய் இவ்வூரின் மண்ணிலேயே இருக்கிறது என்று எண்ணிப் போவதுண்டு. அவர்கள் புள்ளிகளை எண்ணினார்கள், பரப்பை எண்ணவில்லை. ஈகை கிடைக்கும் இடத்துக்கு வறியவர் வந்து சேர்கிறார்கள். எந்தெந்த ஊர்களின் கதவுகள் அவர்களுக்கு அடைபட்டனவோ, அந்த ஊர்களின் கணக்கில் அவர்கள் இல்லை.

பொன் துகளுக்குச் சொன்ன எச்சரிக்கைகள் அனைத்தும் மனித உடலின் அடையாளங்களுக்கும் பொருந்துகின்றன. வெளிறிய படையெல்லாம் தொழுநோய் அன்று, தேமலாகவும் இருக்கும். தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்த பிறகே மருத்துவர் வாய் திறப்பார். அடையாளம் இல்லாமை நோயின்மையும் ஆகாது. கிருமி புகுந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே படை தோன்றக்கூடும். எல்லாவற்றினும் கொடியது மூன்றாவது: கூட்டு மருந்துச் சிகிச்சையால் கிருமி முற்றும் அழிந்த பின்னரும் மழுங்கிய விரல் மழுங்கியே இருக்கிறது. நோய் போய்விட்டது, குறி மட்டும் நிற்கிறது. அந்தக் குறியைக் கண்டே நாம் அவரைத் தொழுநோயாளர் என்கிறோம். 2019 வரை நம் நாட்டுச் சட்டமும் அப்படியே சொல்லிற்று. கிறிஸ்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் உள்ளிட்ட ஐந்து சட்டங்களில் தொழுநோயாளருக்குப் பாதகமாக இருந்த விதிகள் அவ்வாண்டில்தான் நீக்கப்பட்டன. அந்நோயைக் குணப்படுத்தும் கூட்டு மருந்தை உலகச் சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே பரிந்துரைத்துவிட்டது. மருந்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. அந்த ஆண்டுகளில் மணம் முறிந்தவர்களை எந்தக் கூட்டல் குறித் தாளும் எண்ணிவிடாது.

ஒருவரைப் பற்றியோ ஓர் ஊரைப் பற்றியோ ஒரு குலத்தைப் பற்றியோ நம் கண்ணில் படும் புள்ளிகள் பல. அவற்றை மாலையாகக் கோத்துக் கதை சொல்ல மனம் விரைகிறது. அந்த மாலை அழகாக இருந்தால் இன்னும் விரைகிறது. எத்தனை என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனையில் எத்தனை என்றும், குற்றமற்ற இடத்திலும் இதே புள்ளிகள் விழுந்திருக்குமா என்றும் கேட்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். அன்றிரவு புதிய எண் அட்டவணையை விரித்து, மறுபடியும் படம் எடுக்க வேண்டிய இடங்களைக் குறித்துக்கொண்டிருந்த அந்த இளம்பெண்ணிடம் அப்பொறுமையைக் கண்டேன். வகுப்பறையில் நான் கற்பித்த கணக்கில் அது எங்கோ எழுதப்பட்டிருந்தது. நீதிக்கு மற்றொரு பெயர் என்று.